வலக்கைக் காப்பும் உலர்கையுறையும்

கை அளவு கேட்டால் ஆண்கள் ஒரு அளவு கூட்டிச் சொல்வார்கள், பெண்கள் ஒரு அளவு குறைத்துச் சொல்வார்கள். கையுறை விற்பவன் இரண்டையும் நம்பக்கூடாது. செருப்புக்கடையிலோ சட்டைக்கடையிலோ நின்று இடுப்பு ஒடிந்தவர்களுக்கு இது விளங்கும்.

நான் வேலை செய்வது கனடாவில், மொன்றியலின் கிழக்கே, துறைமுகத்துக்குக் கிட்ட, நீருக்கடியில் மூழ்குபவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில். சேர்ந்த புதிதில் முதலாளி லூக் என்னைக் கையுறை மேசையில் நிறுத்தினார். அங்கேயே நிலைக்க ஒரு நிபந்தனை: பனி விழுமுன் குளிர்நீரில் அரை மணி நேரம் மூழ்கிக் காட்ட வேண்டும். சந்தர்ப்பம் இரண்டு தடவைதான். தவறினால் பின்னால் கிடங்கில் பெட்டி அடுக்க வேண்டும். எனக்கு முதுகுவலி உண்டு. மனிதரோடு கதைக்காவிட்டால் தலைவலியும் வரும்.

போன் எடுக்கும் கை

உலர்கையுறை என்பது தண்ணீர் புகாத ரப்பர் உறை. குளிருக்கு அதனுள்ளே கம்பளி உறை ஒன்றும் போட வேண்டும். ஆகவே கம்பளி போட்ட கைக்குத்தான் அளவு பார்ப்பது. சென்னையிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை செய்யும் தம்பி ஒருவர் வெறுங்கையை நீட்டி, மீடியம் போதும் என்று நின்றார். கம்பளியோடு போட்டதும் விரல் மடங்கவில்லை. எக்ஸ்எல் கொடுத்து, ஒரு கொக்கியைப் பூட்டித் திறக்கச் சொன்னேன். அருமையாகச் செய்தார். பிறகு தன் போனை எடுத்து அரை நிமிடம் தடவிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"எல்லாம் ஓகே ப்ரோ, ஆனா தண்ணிக்குள்ள யாராவது கூப்பிட்டா எப்படி எடுக்கிறது?"

நேற்றுச் செய்த நகம்

மேசைக்குப் பக்கத்தில் ஐஸ் தண்ணீர் வாளி ஒன்று இருக்கும். வாங்குமுன் கையுறையோடு கையை விட்டுப் பார்க்கலாம். ஒரு அம்மணி விட்டார், உடனே கூவினார். கையுறையின் ஐந்து விரலிலும் ஐந்து ஓட்டை. அவருடைய நகங்கள் ஒவ்வொன்றும் கடலைப்பருப்பு நிறத்தில், கத்தி மாதிரி இருந்தன. நகத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டேன். அவர் பிரெஞ்சில் அதைவிடப் பணிவாகச் சொன்னார்:

"நகம் நேற்றுத்தான் செய்தது, ஐயா, அதில் பிழை இருக்காது."

பன்னிரண்டாவது நிமிடம்

என் முதல் மூழ்கல் நகருக்கு வெளியே, நீர் நிரம்பிய பழைய கற்குழியில். அன்று உடம்புக்குத் தண்ணீர் புகாத மூழ்கல் சட்டை, கைக்குச் சாதாரணத் தடித்த கையுறைதான் போட்டேன். இடக்கைப் பக்கம் சுகம். வலக்கைச் சட்டைக்குள் மட்டும் தண்ணீர் ஊர்ந்து முழங்கை வரை ஏறியது. பன்னிரண்டாவது நிமிடம் பல் கிடுகிடுக்க மேலே வந்துவிட்டேன்.

லூக் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கௌரிக் காப்பு. என் மனைவி மாலினி கேதார கௌரி விரதம் இருந்து, போன கிழமைதான் கோயிலில் எனக்குக் கட்டுவித்த நூல். மணிக்கட்டை இறுக்கும் சட்டைக்கை ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே அது வாய்க்கால் வெட்டி வைத்திருந்தது. ரப்பருக்குக் கீழே ஒரு மயிர்கூட இருக்கக்கூடாது, வெட்டு என்றார். வீட்டில் போய் மாலினியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கறிச்சட்டியிலிருந்து அவள் கண் எடுக்கவில்லை.

"இருபத்தொரு நாள் நான் விரதம் இருந்தது உங்கட கை நனையாமல் இருக்கவோ?"

அரை மணி நேரம்

வெட்டவில்லை. அவள் பட்டினி கிடந்தது எனக்காக. அதைக் கத்திரிக்கோலால் வெட்ட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் தடவை, சட்டைக்கை வளையத்தில் பூட்டும் உலர்கையுறையைப் போட்டுக்கொண்டேன். லூக் என் காப்பைப் பார்த்து, தன் சட்டைப்பையில் இருந்த கிடங்குச் சாவியைத் தட்டிக் காட்டினார்.

பத்து மீட்டர் ஆழத்தில் இடக் கையுறை என் கையைக் கவ்விப் பிடித்தது. விரல் மடங்கவில்லை. வலக்கை மட்டும் வீட்டில் இருப்பதுபோல் இருந்தது, சூடாக, தாராளமாக. கொக்கி, விளக்கு, எல்லாம் வலக்கையால்தான். அரை மணி முடிந்து மேலே வந்தபோது இடக்கை முழுக்கச் சிவந்த வரிகள். வலக்கையில் ஒரு கீறல் இல்லை, ஒரு துளி ஈரமும் இல்லை.

லூக் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆழத்தில் கையுறைக்குள் இருக்கும் காற்று சுருங்குமாம். உலர்கையுறை போட்டால், சட்டைக்குள் இருக்கும் காற்று கையுறைக்குள் போக, மணிக்கட்டு ரப்பருக்குக் கீழே ஒரு நூல் செருக வேண்டுமாம். வழக்கமாக அவரே செருகிக் கொடுப்பாராம். என் காப்பின் மேலிருந்த கோபத்தில் அன்று மறந்துபோனார். மன்னிப்புக் கேட்பவர் மாதிரித் தொண்டையைச் செருமினார்.

"இடக்கைக்கும் ஒன்று கட்டித்தரச் சொல்லி உன் மனைவியிடம் கேள்."

கையுறை மேசையில் இன்றைக்கும் நான்தான் நிற்கிறேன். இடக்கையில் பெண்களுக்குத்தான் அந்தக் காப்பைக் கட்டுவார்கள் என்பதை மட்டும் லூக்கிடம் இன்னும் சொல்லவில்லை.