நல்லம்மாவின் தோளில் நாலு விரல்

உரும்பிராய்ச் சந்தியில் கோப்பாய்ப் பக்கம் திரும்பியதும் நாகேஸ்வரியின் கடை. படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போடுகிற கடை. அதற்குள் காலை வைக்கிறவர் எவரானாலும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். படத்தை வாங்கி மேசையில் விரித்துவிட்டு அவள் கேட்பாள்.

"ஆள் இருக்கோ, இல்லையோ?"

புதிதாய் வருகிறவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். மரியாதை தெரியாத மனுசி என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. ஆனால் கேட்காமல் அவள் என்ன செய்வாள்? இருக்கிற ஆளென்றால் மெல்லிய சட்டம், இளம் நிறம். இல்லாத ஆளென்றால் அகலச் சட்டம், மேலே மாலை கொழுவக் கொளுக்கி, சிவப்புப் பல்ப், கீழே பிறந்ததற்கு மலர்வு என்று ஒரு திகதி, செத்ததற்கு உதிர்வு என்று ஒரு திகதி. கடை தொடங்கிய புதிதில், பட்டம் வாங்கிய பெட்டை ஒருத்தியின் படத்துக்கு எடுப்பாக இருக்கட்டுமென்று அகலச் சட்டத்தை அடித்துக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெட்டையின் தாய் கடைவாசலில் நின்று மண் அள்ளித் தூற்றிவிட்டுப் போனாள். அன்று தொடங்கியதுதான் இந்தக் கேள்வி.

நாகேஸ்வரிக்குக் கோபம் மூக்கு நுனியில். புருசன் பஞ்சலிங்கம் வெங்காயத் தோட்டம் செய்கிறவர், சத்தம் போடத் தெரியாத மனிதர். அந்த வீட்டுக்குத் தேவையான சத்தம் முழுவதையும் இருபத்தைந்து வருடமாக அவளே போட்டு வருகிறாள். முன்பு யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனத்திடம் சுவர் இருந்தாலும் படம் இருக்கவில்லை. அடையாள அட்டையில் இருக்கிற முத்திரை அளவுப் படத்தைக் கொண்டுவந்து, "இதைப் பெருப்பிச்சுக் கண்ணாடி போட்டுத் தாங்கோ" என்று கடைவாசலில் அழுதுகொண்டு நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் கணக்கை விட்டுவிட்டுக் கண்ணாடி வெட்டப் பழகினாள். ஒரு முகம் சுவரில் இருப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்த விசயத்தில் விளையாட வருகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பத்திக்கொண்டு வரும்.

அவளுடைய கேள்விக்கு ஒருநாளும் ஒழுங்காகப் பதில் சொல்லாத ஆள் நல்லம்மா. நாலு வளவு தள்ளித் தனியே இருக்கிற கிழவி. ஒரே மகன் சுபாஸ்கரன் சுவிஸில். அவன் அனுப்புகிற பேரப்பிள்ளைகளின் படம் ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிடுவாள். நாகேஸ்வரி வேண்டுமென்றே கேட்பாள், "ஆள் இருக்கோ, இல்லையோ?"

"உன்ரை வாயிலை கொள்ளி வைக்க! என்ரை பேரப்பிள்ளையளடி!"

பிறகு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார்கள்.

அந்த நல்லம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டி, தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் விட்டிருந்தது. மகன் பறந்தடித்துக்கொண்டு வந்தான். வரத்தான் வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்த நாலாம் நாள், வியாழக்கிழமை, ஒரு படத்தோடு கடைக்கு வந்தான்.

"அக்கா, அம்மான்ரை படம். நல்ல பெரிசாப் போடவேணும்."

பழக்கதோசத்தில் நாகேஸ்வரியின் வாய் கேட்டுவிட்டது. "ஆள் இருக்கோ, இல்லையோ?"

"இல்லையெண்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

"ஐயோ தம்பி! எப்ப? நேற்றுப் பின்னேரம் போய்ப் பாத்தனே, கதைச்சவவே!"

"சீச்சீ, இன்னும் இல்லை அக்கா. டொக்டர் இப்ப ஒண்டும் சொல்லேலாது எண்டிறார். வயசு எண்பத்திமூண்டு, யோசியுங்கோ. எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிளைற். லீவு கூட்டித் தரமாட்டாங்கள். நான் போனாப் பிறகு நடந்தால் ஆர் நிண்டு பாக்கிறது? அதுதான் எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தி வைச்சிட்டுப் போவம் எண்டு. பல்ப், கொளுக்கி எல்லாம் போடுங்கோ. உதிர்வு எண்டு எழுதி, திகதியை மட்டும் விட்டு வையுங்கோ. பிறகு ஒட்டலாம்."

கேட்டீர்களா கதையை? பிள்ளை பிறக்க முன்னம் பேர் வைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். பெற்றவள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பல்ப் கொழுவ வந்தவனை எங்கே கேள்விப்பட்டிருக்கிறோம்? கல்யாண மண்டபம் பதிகிற மாதிரி ஒரு குரல். அதில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

நாகேஸ்வரி வாயைத் திறக்கப் போனவள், படத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். நல்லம்மா பச்சைச் சேலை கட்டி, பல்லுப் போன வாய் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். அப்படி அவள் சிரித்து நாகேஸ்வரி கண்டதில்லை. அவளுடைய இடது தோளில் நாலு விரல் கிடந்தது. விரலுக்கு அப்பால் படம் நறுக்கப்பட்டிருந்தது.

"இது ஆற்றை கை?"

"என்ரை கைதான். போன முறை வரேக்கை வீட்டு வாசல்லை ரெண்டுபேருமா நிண்டு எடுத்தது. என்னை வெட்டிப்போட்டன். அந்த விரலையும் தெரியாமல் அழிச்சு விடுங்கோ அக்கா."

"ஏன் உம்மை வெட்டினனீர்?"

அவன் ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். "என்னக்கா கேக்கிறியள்? செத்த படத்திலை இருக்கிற ஆள் நிக்கக்கூடாதெல்லோ. மாலை போட்டால் எனக்கும் சேர்ந்தெல்லோ விழும். எனக்குப் பிள்ளையள் இருக்கு."

அவ்வளவு சாத்திரமும் தெரிந்திருக்கிறது. தன் கழுத்தில் மாலை விழக்கூடாதென்று விரல் நுனிவரை கணக்குப் பார்க்கத் தெரிகிறது. தாயின் கழுத்துக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லை.

நாகேஸ்வரி வாழ்நாளில் முதல்தடவையாக ஏசவில்லை. ஏசினால் அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாண ரவுணுக்குப் போவான், அங்கே எவரும் ஒரு கேள்வியும் கேட்காமல் அடித்துக் கொடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். "கையைச் சுத்தமா எடுக்கவேணுமெண்டால் முழுப் படமும் வேணும்" என்றாள். அவன் அந்த இடத்திலேயே போனில் அனுப்பிவிட்டு, சனிக்கிழமை வாறன் என்று சொல்லிப் போனான்.

பின்னேரம் அவள் பஸ் ஏறித் தெல்லிப்பழைக்குப் போனாள். நல்லம்மா மூக்கில் குழாயோடு கிடந்தாள். இவளைக் கண்டதும் கையால் கிட்ட வரச்சொன்னாள்.

"எடியேய், மூத்த பேத்தியின்ரை படம் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. வீட்டுத் திறப்பு மகனிட்டை இருக்கு, வாங்கிக்கொண்டு போய் நிமித்தி விடு. நான் வந்து பாக்கேக்கை நேரா இருக்கவேணும். உன்ரை கொளுக்கி சரியில்லை."

வீட்டுக்குப் போகிற எண்ணம் அவளுக்கு இருந்தது. குறை பிடிக்கிற பெலன் இருந்தது. இவளுக்கா உதிர்வு என்று எழுதி இடம் விட்டு வைப்பது? பஸ்ஸில் திரும்பி வரும்போது நாகேஸ்வரியின் நெஞ்சு கொதித்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த மனுசி மெல்ல எழுந்து வேறு ஆசனத்துக்குப் போய்விட்டாள்.

வெள்ளி முழுவதும் அவள் அந்தப் படத்தோடு நின்றாள். பக்கத்து ஸ்ரூடியோக்காரன் லெனாட் பெருப்பித்துக் கொடுத்ததைச் சட்டத்துக்குள் இறக்கிப் பின்பக்கம் ஆணி அறைந்துகொண்டிருந்தபோது பஞ்சலிங்கம் சாப்பாடு கொண்டுவந்தார். படத்தைத் திருப்பிப் பார்த்த அவர் முகம் கறுத்தது.

"இருக்கிற ஆக்களுக்கு உப்பிடிச் செய்யக்கூடாதப்பா. பாவம் பிடிக்கும்."

"பிடிக்கிறது என்னைப் பிடிக்கட்டும். நான் பிள்ளையாரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் தொடங்கினனான்."

மனிதர் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

சனிக்கிழமை காலமை சுபாஸ்கரன் வந்தான். படம் மேசையில் சுவரோடு சாய்ந்து, மேலே பேப்பர் மூடி நின்றது. நாகேஸ்வரி வயரைக் கொழுவிச் சுவிச்சைப் போட்டாள். பிறகு பேப்பரை இழுத்தாள்.

அகலச் சட்டத்துக்குள் முழுப் படமும் இருந்தது. இந்தப் பக்கம் நல்லம்மா, தோளில் நாலு விரல், அந்த விரலுக்கு உரிய கை, அந்தக் கைக்கு உரிய மகன். நல்லம்மாவின் பக்கத்தில் கொளுக்கியும் இல்லை, எழுத்தும் இல்லை. கொளுக்கி மகனின் தலைக்கு மேலே இருந்தது. பல்ப்பும் அவன் நெற்றிக்கு நேரே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவன் காலடியில் உதிர்வு என்று எழுதி, திகதிக்கு இடம் விட்டிருந்தது.

சுபாஸ்கரன் இரண்டடி பின்னுக்குப் போய்க் கண்ணாடித் துண்டுகள் அடுக்கிய தட்டோடு முட்டுப்பட்டான்.

"என்ன வேலையக்கா இது! நிப்பாட்டுங்கோ! லைற்றை நிப்பாட்டுங்கோ! நான் உயிரோடை நிக்கிறனெல்லோ!"

"கொம்மாவும் உயிரோடைதான் கிடக்கிறா!"

இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த குரல். சந்தியில் நின்ற ஓட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கெண்டவுடனை சுடுதெல்லே? அவவுக்குச் சுடாதோ? நேற்றைக்கு முந்தின நாளும் என்ரை கொளுக்கி சரியில்லையெண்டு ஏசினவடா அவ! வீட்டை வந்து பாக்கப் போறாவாம், படம் நேரா இருக்கவேணுமாம். நீ அவவுக்குத் திகதிக்கு இடம் விட்டு வைக்கிறியோ?"

அவன் குனிந்து வயரைத் தேடிப் பிடுங்கினான். இரண்டு தரம் இழுக்க வேண்டியிருந்தது. பல்ப் அணைந்த பிறகும் அவன் எழும்பவில்லை, மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தான். அவனுடைய முதுகு குலுங்குவதை நாகேஸ்வரி கண்டாள். கண்டும் அவளுக்கு இரக்கம் உடனே வரவில்லை. வராதுதானே.

அவன் எழும்பிய பிறகு படத்தை மேசையில் குப்புறப் போட்டு, குறட்டால் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினாள். சட்டம் ஒரு பக்கம், பல்ப் ஒரு பக்கம், எழுத்துப் பட்டி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தாள். தாயும் மகனும் நின்ற படம் மட்டும் மேசையில் மிஞ்சியது. அதைத் துணியால் ஒருமுறை துடைத்து அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இப்ப சொல்லும் தம்பி. ஆள் இருக்கோ, இல்லையோ?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தான்.

"இருக்கிறா அக்கா."

நாகேஸ்வரி மெல்லிய சட்டத்தை எடுத்தாள்.