பேசி முடிக்கும்வரை காத்திருப்பவள்

ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவலை ஒவ்வொன்றாகத் தக்காளிச் சாஸில் முக்கி மென்றுகொண்டே கெண்ட்ரா பொலாஸ்கி ஊர்க்கதை பேசுவாள். தட்டில் எது இருந்தாலும் அவளுக்குச் சாஸ் வேண்டும், ஆப்பிளுக்கும்கூட. பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். அண்ணன் வேட்டைக்குப் போட்டுக் கழித்த ஆரஞ்சு நிற மேலங்கிதான் எப்போதும். சிரித்தால் நான்கு மேசை தள்ளி இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். பள்ளி உணவுக்கூடத்தில் பரிமாறும் மேடைக்குப் பின்னால் கரண்டியோடு நிற்பவள் நான். அவள் என் கண்ணெதிரே, குப்பைத்தொட்டியை ஒட்டிய மேசையில்தான் உட்காருவாள். நாற்றத்தால் அங்கே அநேகமாக யாரும் வருவதில்லை. "காலை நல்லா நீட்டிக்கலாம் மிஸ் லோரி. இந்த ஊர்லயே பெரிய வீடு இதுதான்" என்பாள்.

அவளுடைய அப்பா நகராட்சிக் குப்பை வண்டி ஓட்டுகிறார். அதைச் சொல்லி, அந்த மேசைதான் அவளுக்குப் பொருத்தம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. "ஆமா, குடும்பத் தொழில்" என்று சொல்லிவிட்டு அவர்களுடைய மிச்சத்தையும் வாங்கிச் சாப்பிடுவாள்.

அவளுக்கு முன்பே அந்த மேசைக்கு ஒதுங்கியவன் நோலன் ஷ்ரைபர். ஒல்லியான பையன், திக்குவாய். எங்கள் கூடத்தில் பிள்ளைகள் பெயரைச் சொல்லித்தான் தட்டை வாங்க வேண்டும். நோலன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து "ந... ந... ந..." என்று கோரஸ் கிளம்பும். அதை நடத்துபவன் ட்ரெவர் ஹெயில், மல்யுத்த அணியின் செல்லப்பிள்ளை. "இன்னிக்குள்ள சொல்லி முடிச்சிடுவியாடா? எங்களுக்குப் பசிக்குது" என்பான். வரிசையே சிரிக்கும். நோலன் திணறுவதைப் படம் பிடித்து, தாளம் சேர்த்து, எல்லோர் கைபேசிக்கும் அனுப்பினார்கள். அவன் தட்டில் பாலைக் கவிழ்த்தார்கள். புகார் மேலே போனது. பள்ளி முதல்வர் ட்ரெவரையும் நோலனையும் கூப்பிட்டு, கைகுலுக்க வைத்து அனுப்பிவிட்டார்.

நோலன் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் நல்ல மனசுக்காரர்கள்கூட அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், நானும்தான். கெண்ட்ரா கொடுக்க மாட்டாள். ஓயாமல் பேசுகிற அந்த வாய் அப்போது மட்டும் நின்றுவிடும். மென்றுகொண்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஏன் அப்படி என்று ஒருமுறை கேட்டேன். "அவன் வாயிலேர்ந்து நான் புடுங்கிச் சொன்னா அது என் பேச்சாயிடும்ல? எங்கிட்டதான் ஏற்கனவே எக்கச்சக்கமா இருக்கே" என்றாள்.

மான் வேட்டை தொடங்கும் நாளுக்குப் பள்ளியே விடுமுறை விடுகிற ஊர் எங்களுடையது. துப்பாக்கி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், நோலன் தன் தாத்தாவின் கைத்துப்பாக்கியைப் புத்தகப் பையில் வைத்துக் கொண்டுவந்தான்.

நான் மக்ரோனி அள்ளிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. கூரைப் பலகை ஒன்று உடைந்து வெள்ளைத் தூளாகக் கொட்டியது. பிள்ளைகள் கத்தவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எப்படித் தப்பிப்பது என்று சின்ன வகுப்பிலிருந்தே பள்ளியில் பழக்கப்பட்டவர்கள், குனிந்தபடியே கதவுகளை நோக்கி ஓடினார்கள். நான் மேடைக்கடியில் பதுங்கினேன். தட்டு நகர்த்தும் இடைவெளி வழியாக எல்லாம் தெரிந்தது. ட்ரெவர் சுவரில் முதுகு ஒட்டித் தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தான். அவன் கால்சட்டை நனைந்திருந்தது. எதிரே நோலன் துப்பாக்கியை நீட்டியபடி நின்றான். கெண்ட்ரா மட்டும் தன் இருக்கையை விட்டு எழவில்லை.

நோலன் ஏதோ சொல்லத்தான் முயன்றான். "ம... ம..." என்று அதிலேயே சிக்கிக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது. துப்பாக்கி முனை ஆடியது. அந்தச் சொல் வெளியே வராவிட்டால் விரல்தான் பேசும் என்று எனக்குத் தோன்றியது.

"மன்னிப்பா? மன்னிப்புதானே? கேக்கறேன், மன்னிச்சிடு" என்று ட்ரெவர் அழுதான். நோலனின் முகம் கோணிக்கொண்டது.

"அவன் பேசிட்டிருக்கான் ட்ரெவர். நீ சும்மா இரு." கெண்ட்ரா குரலை உயர்த்தவில்லை. பிறகு நோலனிடம், "நீ சொல்லு. நான் எங்கயும் போகல" என்றாள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வெளியே போலீஸ் வண்டிகளின் ஊளை நெருங்கியது. அவள் கண் சன்னல் பக்கம்கூடப் போகவில்லை.

"ம... மத்தியானம்" என்றான் நோலன். மறுபடியும் நின்றான். அவளும் மறுபடியும் காத்திருந்தாள். "ஒன்பதாங் கிளாஸ்லேர்ந்து நான் மத்தியானம் ச... சாப்பிட்டதே இல்ல. தட்டுல எ... எச்சி துப்பியிருப்பாங்களோன்னு."

"கேட்டாச்சு" என்றாள். "நான் கேட்டேன். அவனும் கேட்டுட்டான். இப்ப அத மேசைல வை, நோலன்."

வைத்தான். அவள் தன் தட்டைக் காலி செய்து அதன்மேல் கவிழ்த்து மூடினாள். காவலர்கள் நுழைந்து நோலனைத் தரையில் அழுத்தியபோது, அவன் கைகள் ஏற்கெனவே தலைக்கு மேல் இருந்தன. அதன்பிறகுதான் கெண்ட்ரா எழுந்து வந்தாள். என் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நான் அவள் கூந்தலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதினேழு வயதுத் தலை, என் உள்ளங்கையில் குருவிபோல் துடித்தது.

தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். வீரமங்கை என்று சொல்ல வைக்கப் பார்த்தார்கள். "பயத்துல கால் வரல. அதான் உக்காந்திருந்தேன்" என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மா கடை வாசலில் என்னைப் பார்த்ததும் உடைந்து அழுதாள். மகளிடம் அவள் கேட்டது ஒன்றுதானாம்: "ஓடறதுக்குத்தானேடி ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து பழக்குறாங்க, நீ ஏன் ஓடல?" ஊரில் பாதிப்பேர் கெண்ட்ராவைத் தேவாலயத்தில் பெயர் சொல்லி வாழ்த்தினார்கள். மீதிப்பேர், துப்பாக்கி தூக்கினவனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டுக்கும் அவள் முகம் ஒன்றுதான்.

ட்ரெவர் கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். கூடவே கோரஸ் பாடியவர்கள், தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் அவனை விட்டு விலகிக்கொண்டார்கள். அவன் வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டான். ஒருநாள் நான் குப்பை கொட்டப் போனபோது கெண்ட்ரா அவன் கார்க் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "நீ பண்ணது பண்ணதுதான். நான் மறக்கல. ஆனா உள்ள வந்து சாப்பிடுடா" என்றாள். அவன் அன்று வரவில்லை. பனி உருகிய பிறகு ஒருநாள் வந்தான்.

வசந்தத்தில் விசாரணை. சாட்சிகளில் நானும் ஒருத்தி. அரசு வழக்கறிஞர் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: அன்று துப்பாக்கி வைத்திருந்தவர் இங்கே இருக்கிறாரா, இருந்தால் காட்டுங்கள். ட்ரெவர் விரலை நீட்டினான். நான் நீட்டினேன். ஒவ்வொரு விரலுக்கும் நோலனின் தலை இன்னும் கொஞ்சம் கீழே போனது.

கெண்ட்ராவின் முறை வந்தது. ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றிவிட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய நீலச் சட்டை போட்டிருந்தாள். வழக்கறிஞர் கேள்வியைக் கேட்டார். அவள், நோலன் தலையை நிமிர்த்தும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் நிமிர்ந்ததும் கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து, தெருவில் சிநேகிதனைக் கண்டவள்போல் அவனைப் பார்த்து அசைத்தாள்.