எடை மேடையில் அறுத்த கயிறு

என் தகரப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் ஒரு கறுப்புக் கயிறு கிடக்கிறது. அதில் வெள்ளித் தாயத்து ஒன்று கோத்திருக்கும். கயிற்றின் ஒரு முனை கத்தி பட்டு நூல் நூலாகப் பிரிந்து நிற்கும். என் வீட்டுக்காரர் இடுப்பில் கிடந்த அரைஞாண் அது. எங்கள் பக்கத்தில் ஆம்பளை இடுப்பை வெறுமனே விடமாட்டார்கள். கயிறு நைந்துபோனால் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை அவிழ்ப்பார்கள். அதை அறுப்பது என்றால் உயிர் போன பிறகுதான். அவருக்கு உயிரோடு, நல்ல பகலில், நாலு ஊர் சனம் பார்க்க அறுத்தார்கள். நோய்க்காக இல்லை, வேண்டுதலுக்காகவும் இல்லை. சடுகுடுக்காக.

விக்கிரமங்கலத்துப் பக்கம் எங்கள் ஊர். எழுபதுகள் முடியப்போகிற சமயம். சடுகுடுவில் பாடி வருகிறவனைப் பிடிக்கிற ஆள் என் வீட்டுக்காரர். தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. கணுக்காலில் அவர் கை விழுந்துவிட்டால் வந்தவன் கோட்டுக்குத் திரும்பிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னால்தான் என்ன? ஜெயித்து வந்தால் ஊரில் வீட்டுக்கு வீடு கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். ஒரு வீட்டில் கோழி, ஒரு வீட்டில் கருவாடு. எல்லா வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு வந்து, என் மனசு நோகக்கூடாது என்று என் சட்டியிலும் கை வைப்பார். அந்த உடம்பு அவர் ஒருத்தருடைய உடம்பு இல்லை. ஊரே உருட்டித் திரட்டி வளர்த்தது.

ஒரு தைமாதத்துப் போட்டிக்கு முன்னால் புதுச் சட்டம் வந்தது. எண்பது கிலோவுக்கு மேல் இருக்கிற ஆள் களத்தில் இறங்கக்கூடாதாம். பெரிய உடம்புக்காரர்கள் விழுந்து சின்னப் பையன்களுக்கு எலும்பு முறிகிறது என்றார்களாம். அதில் நியாயமும் இருந்திருக்கும், நானும் பிள்ளை பெற்றவள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டியவர் ஆயிற்றே, எங்கள் ஊர் அதைக் கேட்ட அன்று டீக்கடையில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர் எனக்கு அண்ணன் முறை. ஆட்டம் என்றால் கடையைப் பூட்டிவிட்டு முதல் ஆளாக லாரியில் ஏறுகிறவர். “ஆளை எட போட்டு வாங்குறதுக்கு இவனென்ன புளி மூட்டையா?” என்று கேட்டார். “கைய மட்டும் வூட்ல கழட்டி வச்சுட்டு வரச் சொல்லுவானுவளா?” என்றான் இன்னொருத்தன். சிரித்தார்கள். சிரித்த வாயோடு பஸ் ஏறி அரியலூருக்குப் போய், போட்டி நடத்துகிற சாரைப் பார்த்துச் சண்டை போட்டார்கள். அவர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, “மேலேருந்து வந்துட்டுதுங்க, என் கையில ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதோடு ஊரின் கோபம் வடிந்துவிட்டது. சட்டத்தை அசைக்க முடியாது என்று தெரிந்ததும், அசைக்கக்கூடிய ஒன்றின் பக்கம் திரும்பினார்கள். அது என் வீட்டு அடுப்பு.

ஊரிலிருந்த முந்திரி மண்டியில் மூட்டை ஏற்றுகிற மேடைத் தராசு ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அவரை அதில் ஏற்றினார்கள். எனக்கு எழுத்து கூட்டித்தான் வரும். ஆனால் அந்தத் தராசைப் படிக்க எழுத்து வேண்டாம். குண்டை எண்பதில் வைத்தால், ஆள் அதற்கு மேல் கனம் என்றால் கம்பி மேலே போய் டக்கென்று முட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லார் முகமும் என் பக்கம் திரும்பும். “தங்கச்சி, நேத்து என்ன கொழம்பு வச்ச?” என்பார் டீக்கடை அண்ணன், ஏதோ நான் களவாடிவிட்ட மாதிரி. கொள்ளு தின்றால் கொழுப்புக் கரையும் என்று ஊர்ப் பெண்கள் ஆளுக்குப் படி கொள்ளு கொண்டுவந்து என் வாசலில் வைத்தார்கள். எங்க ஓரகத்தி, “இனிமே ஒன் புருசன் கனைக்கத்தான் போறாரு” என்றாள். முன்பு கூப்பிட்டுச் சோறு போட்ட வீடுகளில், அவர் தெருவில் வருவது தெரிந்தால் சட்டியை மூடினார்கள். எங்கள் வீட்டு வாசலை மிதித்த யாரும் பசியோடு திரும்பியதில்லை. அந்த வீட்டில் நான் என் புருசனுக்குக் கரண்டியில் அளந்து கூழ் ஊற்றினேன். அவர் குடித்துவிட்டுச் சட்டியைப் பார்ப்பார். நான் அடுப்பைப் பார்ப்பேன்.

“ஆடாட்டி என்னங்க, போவுது” என்று ஒருநாள் சொன்னேன். “ஊரு ஆசப்படுது புள்ள” என்றார். எதிரி என்றால் எதிர்த்து நிற்கலாம். அவர்கள் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். பிரியத்தோடு வந்து பட்டினி போடுகிறவர்களை என்ன சொல்லித் தடுப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

போட்டி உடையார்பாளையத்தில். பெண்கள் சடுகுடு பார்க்கப் போகிற வழக்கம் இல்லை. எடை போட்டு முடிந்த உடனே அவருக்குச் சோறு கொடுக்கவேண்டும் என்று நான்தான் அடம்பிடித்து லாரியில் ஏறினேன். மடியில் தூக்குச்சட்டி. அதில் சோறும் கருவாட்டுக் குழம்பும். முதல்நாளிலிருந்து அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கம்பளியைப் போர்த்தி வெயிலில் உட்காரவைத்திருந்தார்கள். தலையை மொட்டை அடித்தார்கள். மீசையையும் விடவில்லை. அந்த ஊர் மண்டித் தராசு மேடையில் ஏறி நின்றபோது, யாரோ தெரியாத ஆள் நிற்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கம்பி முட்டியது. வேட்டியை அவிழ்த்துக் கோவணத்தோடு நிற்கவைத்தார்கள். மறுபடியும் முட்டியது, ஆனால் மெதுவாக. அப்போதுதான் டீக்கடை அண்ணன் அவர் இடுப்பைப் பார்த்தார்.

“அண்ணே, அது வேணாண்ணே” என்றேன். கூட்டத்துச் சத்தத்தில் அது என் காதிலேயே விழவில்லை. வியர்வையில் ஊறி முடிச்சு இறுகிப்போயிருந்தது. பக்கத்தில் மூட்டை தைக்கிறவரிடம் கத்தி இருந்தது. அண்ணன் அதை வாங்கி ஒரே இழுப்பு. என் வீட்டுக்காரர் கீழே குனிந்து பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அண்ணன் கயிற்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. கம்பி நடுவில் நின்றது. ஒரு கயிறு என்ன எடை இருந்துவிடும்? கயிற்றால் இறங்கியதா, தராசுக்காரர் பாவம் பார்த்து விரலை வைத்தாரா, தெரியாது. எங்கள் ஊர் ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

தூக்குச்சட்டியைத் திறந்தேன். “தங்கச்சி, நாளைக்கும் எட போடுவாங்களாம், மூடு” என்றார் அண்ணன். மூடினேன். ஒரு கையில் சோறு, ஒரு கையில் கயிறு. அவர் ஒரு வாய் வெல்லத்தண்ணீரோடு களத்துக்குப் போனார்.

சாயங்கால ஆட்டம். பாடி வந்தவன் ஒல்லியான பையன். அவர் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தார், பிடி சரியாகத்தான் விழுந்தது. கை மூடவில்லை. பையன் உதறிவிட்டுப் போய்விட்டான். அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அவரையும் கோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். மண்ணில் முகம் பட எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். எனக்குப் பின்னால், எங்கள் ஊர்க் குரல்தான், “சோத்துக்குச் செத்தவன் மாரி ஆடுறான் பாரு” என்றது. கொள்ளு கொண்டுவந்து வைத்த வீட்டு ஆள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவனுக்கு அவமானம்.

லாரியில் திரும்பும்போது சோற்றைப் பிசைந்து கொடுத்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஊர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. அவர் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. களத்துக்கு மட்டும் அவர் திரும்பவில்லை. புதுக் கயிறு வாங்கிவந்து கட்டிக்கொள்ளச் சொன்னேன். “அறுத்தது அறுத்ததுதான், இருக்கட்டும் புள்ள” என்றார். வெறும் இடுப்போடே மிச்ச காலத்தையும் வாழ்ந்தார். யாரும் பார்க்காதபடி சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார்.

போன வருசம் போய்ச் சேர்ந்தார். கோலூன்றி வந்த டீக்கடை அண்ணன், தலைமாட்டில் உட்கார்ந்து, “என்னா புடி, என் மாப்ள புடி” என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அழுதார். குளிப்பாட்டுகிற நேரம். காரியம் செய்ய வந்தவர் கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தார். இடுப்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார். “அரணாக்கவுறு இல்லியே ஆயா” என்றார்.

“அது எப்பவோ அறுத்தாச்சு” என்றேன்.

அண்ணன் அழுகை பாதியில் நின்றது. பெட்டி பக்கத்து அறையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் என் வீட்டுக்காரரோடு போயிருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. அது இன்னும் சேலைகளுக்கு அடியில்தான் கிடக்கிறது.