தீர்த்தத்தில் மா கலக்கவில்லை

சத்தியமாக நடந்தது என்று ஆரம்பிக்க ஆசைதான். சத்தியம் பண்ண எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நடந்தது. போன வருடம் ஆடி அமாவாசை அன்று, பட்டப்பகலில், அமிர்தகழியில் எங்கள் வீட்டில்.

என் கணவர் யோகராசாவுக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் இழுத்துவிட்டது. ஒழுங்காக விழுங்க முடியாது. வெறும் தண்ணீர் கொடுத்தால் நெஞ்சுக்குள் போய்விடும். ஆஸ்பத்திரி மிஸ் படித்துப் படித்துச் சொன்னார்: நிமிர்த்தி இருத்துங்கள், நாடியை நெஞ்சுப்பக்கம் தாழ்த்துங்கள், எதுவானாலும் மா கலந்து தடிப்பாக்கிக் கொடுங்கள். வார்டில் பக்கத்துக் கட்டில் சாமித்தம்பி அண்ணனுக்கும் அதே வாத வருத்தம், அதே பாடம். ஆறு மாதம் நான் பிசகாமல் செய்தேன்.

அன்று மாமாங்கக் கோயில் குளத்துத் தீர்த்தம் கொண்டுவந்தேன். தீர்த்தத்தில் போய் மா கலப்பதா? மனம் கேட்கவில்லை. அவரை நிமிர்த்தி இருத்தவும் பொறுமை இல்லை. படுத்தபடியே வாயைத் திறக்கச் சொன்னேன்.

மணி 2.14. கரண்டியை உயர்த்தினேன். இருமல் கேட்டது... களக்... களக்... தொண்டையில் தண்ணீர் நிற்கும் இருமல். அவர் வாய் மூடியே இருந்தது.

"ஆரது?"

அறையில் நாங்கள் இருவர்தான்.

2.17. மறுபடியும் கரண்டி. என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். ஈரக் கை. தீர்த்தம் தலையணையில் சிந்தியது.

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "சா...மி..." என்று குழறினார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. அவர் தாடையை அழுத்தி வாயைத் திறந்தேன்.

என் தொண்டை அடைத்தது. நான் விரதம். ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

ஆனால் தண்ணீர்... உள்ளே...

மூச்சு இல்லை.

2.20.

விட்டது.

பின்னேரம் ஐந்து மணிக்குத் தேற்றாத்தீவிலிருந்து சாமித்தம்பி அண்ணனின் மகள் சுலோஜனா போன் எடுத்தாள்.

"சின்னத்தங்கம் அக்கா, அப்பா மோசம் போயிட்டாரு. ரெண்டு இருவதுக்கு மூச்சு நிண்டுட்டு."

"எப்பிடிகா?" என்று கேட்டேன்.

"நீங்க காலையில குடுத்தனுப்பின தீர்த்தம்தான் பருக்கினன். மா கலக்கப்படாது எண்டீங்க. அப்பிடியே குடுத்தன்."

ஆம். அந்தப் போத்தலை அனுப்பியவளும் நான்தான். அப்படிச் சொன்னவளும் நான்தான்.

"ஆறு மாசமாப் பேச்சில்லாத மனுசன் அக்கா. கடைசியில தெளிவாச் சொன்னாரு, 'சின்னத்தங்கம், குடுக்காத' எண்டு. என்னத்தக் குடுக்கப்படாதாம்?"

"தெரியாதுகா" என்றேன்.