தூக்கித் திறக்கும் கேட்

எதிர்வீட்டு இரும்புக் கேட்டை இன்று காலை ஒருவன் சம்மட்டியால் அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தான். வெல்டிங் புகை எங்கள் ஜன்னல்வரை வந்தது. கருகிய இரும்பின் அந்த நாற்றம் பட்டதும் காபியைக் கீழே வைத்துவிட்டேன். வயதாகிவிட்டது, வேறொன்றுமில்லை என்று மனைவியிடம் சொன்னேன். உங்களிடம் உண்மையைச் சொல்லலாம்.

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று எழுதுவதே வேலை. அந்தப் பழக்கத்தில் வீட்டு மாமரம் பூத்த நாளைக்கூட டைரியில் குறித்துவைப்பேன், எதற்கென்று எனக்கே தெரியாது. எங்கள் தோட்டத்துக் கேட் கீல் தளர்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து தரையை உழுதுகொண்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்து இரண்டு விரற்கடை தூக்கினால்தான் தாழ்ப்பாள் நகரும். தெரியாதவர்கள் வெளியே நின்று மல்லுக்கட்டுவார்கள். தெரிந்தவர் தேவராஜ். பின்தெருக்காரர், எங்கள் ஆலையிலேயே உலைப் பிரிவு. எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தினமும் காலையில் வருவார். இடது கையில் குடம், வலது கையால் ஒரே தூக்கு.

"உங்க கேட்டுக்கு என் கைதான் சார் செட்டாவுது" என்பார்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், திங்கட்கிழமை, வெல்டரைக் கூட்டிவந்தேன். ரசமட்டம் வைத்து, ஸ்கேலால் இடைவெளியை அளந்து, நூலிழைகூட விலகக்கூடாது என்று அவனைப் படுத்தியெடுத்தேன்.

"இன்னா சார், கேட்டுக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களா? இம்மாம் டைட்டு வாணாம், கொஞ்சம் லூசு உடுங்க."

நான் விடவில்லை. சாயங்காலம் தாழ்ப்பாள் ஒற்றை விரலில் ஓடியது. கேட்டைத் தூக்கினால் மட்டும் துளையில் இறுகிக்கொண்டது. இனி யார் தூக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

செவ்வாய் மாலை ஐந்தரை மணி. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தெருமுனையிலிருந்து தேவராஜ் ஓடிவந்தார். பின்னால் இரும்புக் கம்பிகளோடு மூன்று பேர், லேபர் காண்ட்ராக்டரின் ஆட்கள். உலையருகே ஒரு தொழிலாளி வெந்து செத்தது அந்தக் காண்ட்ராக்டரின் தவறு என்று அன்று காலை விசாரணையில் தேவராஜ் சொல்லியிருந்தார். அதற்காகப் போனதில் அன்று தண்ணீர் எடுக்க வரவில்லை. என் கேட்டை எட்டியதும் அவர் முகத்தில் தப்பித்துவிட்ட களை வந்ததைப் பார்த்தேன். கைப்பிடியைப் பற்றித் தூக்கினார். தாழ்ப்பாள் அசையவில்லை. இன்னும் பலமாகத் தூக்கினார்.

"தூக்காதய்யா, சும்மா இழு" என்று கத்தினேன்.

அவருக்குக் காது கேட்டது, கைக்குக் கேட்கவில்லை. முதல் கம்பி அந்தக் கைமேல் இறங்கியது. விரல்களைக் கைப்பிடியோடு சேர்த்து இரண்டாவது அடி, மூன்றாவது அடி. இரும்புச் சத்தத்துக்குள் எலும்பு நொறுங்கியது தனியாகக் கேட்டது. ஒருவன் அவர் முடியைப் பிடித்து முகத்தைக் கேட் கம்பிகளில் மோதினான். நான் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை விலக்கி, அவரை உள்ளே இழுத்துப் போட்டுச் சாத்தி, தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"சார், உள்ள போய்டு. உன்னுது பேனா புடிக்கிற கை" என்றான் ஒருவன், சிரித்தபடி.

அக்கம்பக்கத்தார் வரும்வரை கேட்டை உதைத்துவிட்டுப் போனார்கள்.

வலது கையில் மூன்று விரல்களை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில், கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே தேவராஜ் கேட்டார்.

"எப்ப சார் சரி பண்ணீங்க?"

"முந்தாநேத்து."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல சார்."

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை.

அந்த ஆலை இன்று இல்லை, அங்கே குடோன்கள் நிற்கின்றன. கிணற்றை மூடிவிட்டோம். உதைபட்ட கேட் மறுபடி சாய்ந்து, தூக்கித்தான் திறக்கவேண்டியதாயிற்று. நான் அதைச் சரிசெய்யவில்லை. பிற்பாடு மகன்தான் அதைப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டான். இப்போது வருகிறவர்கள் மணியடிக்கிறார்கள்.

பழைய கேட் இருந்தபோதே தேவராஜ் ஒருமுறை வந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கம் குடிபோய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கேட்டைத் தொடாமல் தெருவில் நின்று "சார்" என்று கூப்பிட்டார். நான் போய்த் திறந்தேன். உள்ளே வரவில்லை, பஸ்ஸு வந்துடும் என்றார். மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார்.

"இடது கையில குடுக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க சார்."