எல்லோருக்கும் பூஜ்யம்

விளையாட்டு அறிவியல் படிக்கும் என்னைப் பல்கலைக்கழகம் மைசூரில் ஒரு சிறுமியர் கால்பந்து அகாடமிக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. வீராங்கனைகள் தினமும் தங்கள் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். அந்தத் தாளை அணிப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியது நான்தான். மூன்று வாரமாக எல்லோருக்கும் பூஜ்யம். பேராசிரியர்கூடப் பாராட்டினார்.

ஒரு காலை, கோல்கீப்பர் காவ்யா ஷூவைக் கழற்ற முடியாமல் அழுதாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

"ஜீரோன்னு எழுதினியேம்மா?"

"வேற நம்பர் போட்டா கோச் பாத்துடுவாரு அக்கா. டீம்ல பேரு இருக்காது. எல்லாரும் அப்படித்தான்."

அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில், மண்டி மொஹல்லா கடைத்தெரு நெரிசலில் ஆட்டோ நின்றபோதெல்லாம், எலும்பு முறிந்திருக்கக் கூடாதே என்று பதறினேன். நல்லவேளை, சுளுக்குதான்.

மறுநாள் தாளைக் கிழித்துவிட்டு ஒவ்வொருத்தியையும் தனியாகக் கேட்டேன். ஒருத்திகூடப் பூஜ்யம் சொல்லவில்லை.

இப்போதும் குறையே இல்லாத அட்டவணையைப் பார்த்தால், அது எங்கே ஒட்டப்பட்டிருந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன்.