அப்பாவின் நம்பர்

விருதுநகரில் கல்லூரிக் கடைசி வருடம். வகுப்பு முடிந்தபின் கம்ப்யூட்டரில் கணக்கெழுதும் பயிற்சி, முடித்தால் சான்றிதழ். பெண்கள் முன் பெஞ்சில் எழுதுவோம். பையன்கள் பின்னால் தூங்குவார்கள்.

“இந்தத் தாள வச்சு என்ன செய்யப் போறீக? எங்க மாமா கம்பெனியில லோடு ஏத்த இதையா கேக்கப் போறாங்க?” என்றான் ஒருவன்.

“உனக்கு மாமா கம்பெனி இருக்கு. எனக்கு மாமன் மகன்தான் இருக்கான்” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அச்சங்குளத்து மாமன் மகனுக்கு என்னைப் பேசியிருந்தார்கள். படிப்பு முடியுமுன் வேலை கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கு இருந்தது அந்தத் தாள் மட்டும்தான்.

அந்த வருடம் கோயம்புத்தூரிலிருந்து ஒரே ஒரு கம்பெனி வந்தது. நான் தேறினேன். தூங்கியவனும் தேறினான், எப்படியென்று அவனுக்கே தெரியாது. வந்த அதிகாரி அவனிடம் யூனிபார்முக்குச் சட்டை அளவு கேட்டார். தேறிய பெண்கள் எங்களிடம் அப்பாவின் நம்பரைக் கேட்டார்.

“வெளியூரு, ராத்திரி ஷிப்ட் வேற. நான் கிளம்புறதுக்குள்ள வீட்டுல ஒரு வார்த்தை சரின்னு சொல்லட்டும்.”

“எனக்கு இருபது வயசு சார். நானே சொல்றேன்.”

“கோவிச்சுக்காதம்மா. பொண்ணுங்களுக்கு இப்படித்தான்.”

அடித்தேன். அப்பா எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? இருவரும் பட்டாசு ஆலையில். வெடிமருந்து இருக்கும் இடம் என்று செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம்தான் கையில் கிடைக்கும். என்னோடு தேறிய, காரியாபட்டிப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண் ஒருத்தியின் அப்பா, வயலிலிருந்தே எடுத்து “வேண்டாம்” என்றார். அவள் அழுதாள். எனக்கு அந்த “வேண்டாம்”கூடக் கிடைக்கவில்லை.

ஆலை ஆபீசுக்கு அடித்தேன்.

“சீசன் நேரத்துல ஆளக் கூப்பிட முடியாதும்மா. யாரும் செத்துட்டாகளா?”

“இல்ல.”

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வைத்துவிட்டார். மறுபடி அப்பாவுக்கு அடித்தேன். அதிகாரி பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டுக் காரில் ஏறினார். அது வாசலைத் தாண்டும்போதும் மணி போய்க்கொண்டுதான் இருந்தது.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார்.

“என்னத்தா, இம்புட்டு வாட்டி அடிச்சிருக்க?”

“வேலை கிடைச்சுச்சுப்பா. நீங்க சரின்னு சொல்லணும்னாங்க.”

“சரின்னு சொல்லிர வேண்டியதுதான. அப்பாவுக்குச் சம்மதம்னு சொல்லு அவுககிட்ட.”

பின்னால் ஆலை வேன் ஹாரன் அடித்தது. வைத்துவிட்டார்.

சொல்ல அங்கே யாரும் இல்லை. வைகாசியில் கல்யாணம் முடிந்தது.